ஹெட்லைட் போட்டால் ஏறிய வோல்ட்டும், கடைசியில் நான் மாட்டிய பேட்டரியும்

என் பைக்கில் புது பேட்டரி மாட்டி ஐந்து மாதம் ஆகிறது. பொத்தானைத் தொட்டதும் செல்ஃப் எடுக்கிறது. காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் டெர்மினலில் மீட்டர் வைத்தால் 12.8 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.6-க்குக் கீழே போகவில்லை. இதே வண்டியில் இதற்கு முந்தைய 15 மாதத்தில் இரண்டு பேட்டரி செத்தன. அதனால் இந்த எண்களைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை எழுதி வைக்கத்தான் வேண்டும்.

வண்டி பழைய கார்புரேட்டர் வண்டி, ஒற்றை சிலிண்டர், கிக்கர் கிடையாது. பேட்டரி அளவு ஒய்டிஎக்ஸ் 9-பிஎஸ். அதாவது 150-க்கு 87-க்கு 105 மில்லிமீட்டர், 8 ஆம்பியர் அவர். முதலில் இருந்தது ஆசிட் ஊற்றும் சாதாரண பேட்டரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் கேட்டது. எட்டாவது மாதம் நடுவில் இருந்த ஒரு செல் போயிற்று. ஆசிட் பேட்டரி என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டி ஏஜிஎம் வாங்கினேன்; அதுவும் ஈய பேட்டரிதான், ஆனால் ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்து மூடிய வகை. அது ஏழே மாதத்தில் பக்கவாட்டில் உப்பி, பெட்டியிலிருந்து வெளியே எடுக்க முடியாமல் இறுகிக்கொண்டது. சரி, ஈயமே வேண்டாம், லித்தியத்துக்குப் போய்விடலாம் என்று ஒரு வாரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன்.

லித்தியம் என்று நான் சொல்வது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். போன் பேட்டரி வகை இல்லை. நான்கு செல், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், சேர்ந்து 12.8. எடை ஒரு கிலோகூட வராது. என் ஏஜிஎம் மூன்று கிலோ. கையில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லையோ என்று தோன்றும். ஆனால் அதன் குறிப்புத்தாளில் ஒரு வரி இருந்தது: சார்ஜிங் வோல்டேஜ் 14.6-ஐத் தாண்டக் கூடாது. அந்த வரியால்தான் நான் முதல்முறையாக 5000 ஆர்பிஎம்மில் டெர்மினலில் மீட்டர் வைத்தேன். இரண்டு பேட்டரியைத் தூக்கிப் போடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

வந்தது 15.3.

மீட்டரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால் அளவு கூடுதலாகக் காட்டும், இது பலரைச் சுற்றவிட்டிருக்கிறது. புது பேட்டரி போட்டேன், இன்னொரு மீட்டரும் கடன் வாங்கினேன். அதே 15.3. ஆறு செல்லுக்குப் பகிர்ந்தால் செல்லுக்கு 2.55 வோல்ட். ஈய பேட்டரியில் 2.4 தாண்டினாலே தண்ணீர் பிரிந்து வாயுவாகத் தொடங்கிவிடும். ஆசிட் பேட்டரியில் அந்தத் தண்ணீரை நான் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏஜிஎம்மில் ஊற்ற வழியே இல்லை. உள்ளே உருவாகும் ஆக்சிஜன் மறுபடி தண்ணீராகச் சேரும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள், ஆனால் அதற்கும் ஒரு வேகம் உண்டு. அதை மீறினால் வால்வு திறந்து வெளியே விடும், கண்ணாடி இழைப் பாய் காய்ந்துவிடும், பேட்டரி சூடாகி உப்பும்.

அடுத்து, சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர்தான் போய்விட்டது என்று நினைத்தேன். புது ரெகுலேட்டர் வாங்கப் பையை எடுத்த நேரத்தில்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என்ஜின் அதே 5000-ல் ஓடிக்கொண்டிருக்க, ஹெட்லைட்டை அணைத்தேன். மீட்டர் 15.3-லிருந்து 14.7-க்கு இறங்கியது. மறுபடி போட்டேன், 15.3. வழக்கமாக ஹெட்லைட் எரிந்தால் வோல்ட் கொஞ்சம் இறங்கும், அல்லது அசையாமல் நிற்கும். இங்கே ஏறுகிறது! நாலைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஏற்றம்.

காரணம் சென்ஸ் வயர். இந்த வண்டியின் ரெகுலேட்டர் பேட்டரி வோல்ட்டை நேராக டெர்மினலில் பார்ப்பதில்லை. இக்னிஷன் சுவிட்சைத் தாண்டி வரும் கறுப்பு வயரில் பார்க்கிறது. ஹெட்லைட்டுக்குப் போகும் கரன்ட்டும் அதே வழியில்தான் போகிறது. வழியில் எங்காவது தடை இருந்தால், கரன்ட் கூடக் கூட அந்த இடத்தில் வோல்ட் விழும். ரெகுலேட்டர் தன் முனையில் 14.4 வரும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும்; பேட்டரிக்கு அந்த 14.4-உம் வழியில் விழுந்ததும் சேர்ந்து கிடைக்கும். ராத்திரியில் ஓட்டும்போதெல்லாம் நான் பேட்டரியை வேகவைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

எங்கே விழுகிறது என்று பிடிப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முறை எளிதுதான்: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனையைச் சென்ஸ் வயரில். சாவி ஆன், ஹெட்லைட் ஆன், என்ஜின் ஓட வேண்டியதில்லை. மொத்தம் 0.9 வோல்ட். அப்புறம் கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே வந்தேன். ஃப்யூஸ் ஹோல்டரில் 0.15. இக்னிஷன் சுவிட்சுக்குள் 0.3. சுவிட்சிலிருந்து இறங்கும் கனெக்டரில் மட்டும் 0.45. வேலையைத் தின்றது இந்தக் கனெக்டர்தான். ஹெட்லைட் கூட்டுக்குள், மற்ற எல்லா வயர்க் கட்டுக்கும் பின்னால் இருக்கிறது. மீட்டர் முனை உள்ளே போகாது. மெல்லிய தையல் ஊசியை கனெக்டரின் பின்புறம் வயரோடு ஒட்டி இறக்கி, அந்த ஊசியில் மீட்டர் முனையை வைத்தேன். வயரின் தோலைக் குத்தி அளக்காதீர்கள், அந்த ஓட்டையில் தண்ணீர் இறங்கி அடுத்த வருடம் அங்கேயே செம்பு பச்சை பூக்கும்.

கனெக்டரைப் பிரித்தபோது ஒரு பின் பழுப்பேறி, சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் அந்தப் பின்னைச் சுற்றி மட்டும் வளையமாக மஞ்சளித்திருந்தது. சூடு தின்ற இடம். அந்தப் பின்னை வாங்கிப் பிடிக்கும் பெண் முனையின் பிடிப்பு தளர்ந்திருந்தது. சுத்தம் செய்து பார்த்ததில் 0.45 வெறும் 0.3 ஆனது. முனையை வெட்டிப் போட்டுப் புது முனையை வயரில் நசுக்கிப் பிடிக்கவைத்து (கிரிம்ப்) மாட்டியபிறகுதான் 0.03-க்கு வந்தது. சுவிட்சைத் திறந்து செம்பு முகத்தைத் தேய்த்து கிரீஸ் போட்டேன், 0.06. ஃப்யூஸ் ஹோல்டரை மாற்றியே விட்டேன், 0.03. மொத்தம் 0.12. என்ஜினை ஓட்டி 5000-ல் அளந்தால் 14.5. ஹெட்லைட்டைப் போட்டாலும் அணைத்தாலும் மீட்டரில் கடைசி இலக்கம்தான் அசைந்தது. ரெகுலேட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கிரிம்ப் முனைகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வாங்கிய பாக்கெட்டில் இருந்தவை பித்தளைப் பூச்சு போட்ட இரும்பு. காந்தம் வைத்தால் ஒட்டியது. அப்படியே ஓரம் வைத்துவிட்டேன். வாங்கும்போது ஒரு சின்ன காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இப்போது 14.5 என்றால் லித்தியமும் போடலாம். மூன்று கிலோவை ஒரு கிலோவாக்க ஆசைதான். ஆனால் என் வண்டியில் ஜிபிஎஸ் டிராக்கர் இருக்கிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி இடையில் மீட்டரை வைத்து அளந்தேன், 21 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் அவர். வாரத்தில் ஆறு நாள் சும்மா நின்றால் மூன்று ஆம்பியர் அவர் போய்விடும். ஏஜிஎம்மில் 8 இருக்கிறது, தாங்கும். லித்தியத்தில் பெட்டியின் மேல் 9 என்று போட்டிருந்தாலும் அது ஈய பேட்டரிக்குச் சமமாக என்று போடுகிற கணக்கு, செல்ஃப் சுற்றும் வலுவை வைத்து. பக்கவாட்டில் சின்ன எழுத்தில் வாட் அவர் இருக்கும். நான் பார்த்ததில் 36. அதை 12-ஆல் வகுத்தால் வெறும் 3. ஆறு நாளில் காலி, உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) வெட்டிவிடும். அதோடு லித்தியத்தில் வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய அப்படியே நின்று திடீரென்று விழும், மீட்டரை வைத்துப் பாதி இருக்கிறதா கால்தான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. கடும் குளிரில் முதல் சுற்று சோம்பும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு செல் சூடானபின் அழுத்தினால் எடுக்கும் என்கிறார்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது. சல்ஃபேட் நீக்கும் மோடு உள்ள பழைய சார்ஜரையும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஆசிட்டைக் கூழாக்கி வைக்கும் ஜெல் பேட்டரியும் பார்த்தேன். அதற்கு 14.4-க்குள் இருந்தால்தான் நிம்மதி, என் 14.5 விளிம்பைத் தாண்டுகிறது. ஜெல் என்று விற்கிற பல பைக் பேட்டரி உண்மையில் ஏஜிஎம்தான் என்பது வேறு.

ஆகவே மறுபடி ஏஜிஎம். இம்முறை ஆசிட்டைத் தனி பாட்டிலில் தரும் வகையை வாங்கினேன். கடை அலமாரியில் எத்தனை மாதம் காலியாகும்படி நின்றது என்ற கவலை இதில் குறைவு. ஆசிட் ஊற்றும் வேலையை அவசரப்படுத்தாமல் செய்தேன். பாட்டிலின் ஆறு கழுத்திலும் இருக்கும் ஃபாயிலைக் குத்தாமல், அப்படியே கவிழ்த்து ஆறு துளையில் நேராக அழுத்த வேண்டும். ஆறு கழுத்திலும் குமிழி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். நான்காவதில் மட்டும் வரவில்லை. பாட்டிலை இழுக்காமல், அடியில் விரலால் இரண்டு தட்டு. ‘குபுக்’ என்று ஒரு பெரிய குமிழி, அப்புறம் வரிசையாக. முழுவதும் இறங்கியபின் ஒரு மணி நேரம் விட்டேன், பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. மூடிப் பட்டையை மேலே சும்மா வைத்து 0.8 ஆம்பியரில் இரவெல்லாம் சார்ஜ், காலையில் மூடியை உள்ளங்கையால் அழுத்தி அடைத்தேன். இனி அதைத் திறக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தபோது 13.0. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

இன்னும் பாக்கி இருக்கிறது. பேட்டரியைப் பிடிக்கும் ரப்பர் பட்டை பழசு, தளர்ந்திருக்கிறது. சார்ஜருக்கு நிரந்தரமாக ஒரு வால் வயர் இழுத்து, டெர்மினல் அருகிலேயே ஃப்யூஸ் போட்டுச் சீட்டுக்கு அடியில் விட வேண்டும், இரண்டு வாரம் ஊருக்குப் போனால் டிராக்கர் ஏஜிஎம்மையும் குடித்துவிடும். ஆனால் மனசு அதற்குள் ஒரு ரிலேவில் நிற்கிறது: ஹெட்லைட்டுக்குக் கரன்ட்டை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, சுவிட்ச் வழியாக ரிலேவின் சுருளுக்கு மட்டும் கரன்ட் போனால், சென்ஸ் வயர் வழியில் ஹெட்லைட்டின் சுமை இருக்காது. ரிலேவும் அடித்தளமும் வாங்கி வைத்தாயிற்று. இன்னொரு வண்டி கிக்கர் உள்ளது, டிராக்கர் கிடையாது. லித்தியம் அதற்குத்தான் போகும்.

போன வாரம் இரண்டு நாள் நல்ல மழையில் ஓட்டிவிட்டு வந்து அதே ஊசியை வைத்து மறுபடி அளந்தேன். 0.13.