விலைக்கு மேல் இருபது டாலர்

2002-இல் நியூயார்க்கில் ஒரு தங்கக் காசு 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் அதற்கு மேல் இன்னொரு 20 டாலரும் கட்ட வேண்டியிருந்தது. நாணய உலகத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இந்த இருபது டாலர்தான்.

அது 1933-ஆம் வருஷத்து அமெரிக்க 'டபுள் ஈகிள்'. முகமதிப்பே 20 டாலர். அந்த வருஷம் 4,45,500 காசுகள் அடித்தார்கள். ஆனால் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். மக்கள் கையிலிருந்த தங்கத்தையே ரூஸ்வெல்ட் அரசு திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது. அதனால் அந்தக் காசுகள் புழக்கத்துக்கு வரவே இல்லை. இரண்டை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு மற்றதை உருக்கினார்கள். உருக்கியதாகக் கணக்கு எழுதினார்கள் என்று சொல்வதே சரி, ஏனென்றால் சில காசுகள் எப்படியோ வெளியே போய்விட்டன.

அப்படிப் போனதில் ஒன்றை எகிப்து மன்னர் ஃபாரூக் 1944-இல் வாங்கினார். அது திருட்டுச் சரக்கு என்று தெரியாமல் அமெரிக்கக் கருவூலமே ஏற்றுமதி உரிமமும் கொடுத்துவிட்டது! மன்னர் ஆட்சி கவிழ்ந்து அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது அமெரிக்கா காசைத் திருப்பிக் கேட்டது, காசு மாயமாகிவிட்டது. 1996-இல் ஒரு பிரிட்டிஷ் வியாபாரி நியூயார்க் ஹோட்டலில் ஒரு 1933 காசை விற்க வந்தார். வாங்க வந்தவர்கள் மாறுவேடத்தில் இருந்த ரகசியப் போலீஸ். கைது, வழக்கு, கடைசியில் சமரசம்: ஏலம் விட்டு, வரும் பணத்தை அரசும் அவரும் பாதிப்பாதி எடுத்துக்கொள்வது. அது ஃபாரூக்கிடம் இருந்த காசுதான் என்று சொல்லப்பட்டதால், அவர் வாங்கிய உரிமம்தான் வழக்கில் வியாபாரிக்குப் பெரிய பிடிமானம். அரசு அந்தக் காசை முறைப்படி வெளியிட்டதே இல்லை என்பதால் முகமதிப்பையும் கட்டச் சொன்னார்கள். அதுதான் அந்த இருபது டாலர். 2021-இல் அதே காசு 1 கோடியே 88 லட்சம் டாலரைத் தாண்டியது. உள்ளே இருக்கும் தங்கமோ ஓர் அவுன்சுக்கும் கொஞ்சம் குறைவு.

சரி, இதன் கூடப் பிறந்தவை? பிலடெல்ஃபியா நகைக்கடைக்காரர் ஒருவரின் வாரிசுகளிடம் பத்து இருந்தன. அசலா என்று பார்த்துச் சொல்லும்படி நாணயச்சாலைக்கே கொடுத்தார்கள். "அசல்தான், ஆனால் எங்களுடையது" என்று அரசு வைத்துக்கொண்டது. நீதிமன்றமும் கடைசியில் அரசு பக்கமே நின்றது. அதே வருஷம், அதே தங்கம். ஆனால் அவற்றை யாரும் விற்க முடியாது, அதனால் விலையும் இல்லை. ஏலத்தில் ஆட்கள் போட்டி போட்டது உலோகத்துக்கா, அந்த உரிமக் காகிதத்துக்கா? என்னைக் கேட்டால் காகிதத்துக்குத்தான்.

1913 'லிபர்ட்டி' என்கிற அமெரிக்க ஐந்து சென்ட் காசு இன்னொரு வேடிக்கை. உலகத்திலேயே ஐந்துதான் தெரியும். அதில் ஒன்றை வைத்திருந்தவர் 1962-இல் கார் விபத்தில் இறந்தார். அது போலி என்று யாரோ சொல்லிவிட, குடும்பத்தார் அலமாரியில் போட்டு வைத்தார்கள். 2003-இல் மற்ற நான்கையும் பக்கத்தில் வைத்து நிபுணர்கள் ஒப்பிட்டார்கள்: அசல். 2013-இல் 31 லட்சம் டாலருக்கு மேல் போனது. நாற்பது வருஷமாக அலமாரியில் கிடந்த காசில் ஒரு கீறல்கூட மாறவில்லை. அதைப் பற்றிய பேச்சுதான் மாறியது.

நான் இந்த உயரத்துக்கெல்லாம் போகிற ஆள் இல்லை. ஆனால் சேகரிப்பவன் என்று தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விலை கேட்கிறார்கள். அதிகம் வருவது 1943 செப்பு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருஷம் துத்தநாகம் பூசிய எஃகில்தான் சென்ட் அடித்தார்கள். மிச்சமிருந்த பழைய செப்புத் தகடுகள் சில இயந்திரத்தில் சிக்கி அச்சாகிவிட்டன, அவைதான் அரிது. முதலில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் எஃகுக்குச் செம்பு முலாம், கதை முடிந்தது. ஒட்டாவிட்டால் எடை: அசல் 3.11 கிராம், எஃகு 2.7 கிராம். அதுவும் சரியாக இருந்தால் லென்ஸ் வைத்து 3-ஐப் பாருங்கள். 1948-இன் 8-இல் பாதியைச் சுரண்டி 3 ஆக்கியிருப்பார்கள். அசல் 3-இன் வால் மற்ற எண்களைவிடக் கீழே நன்றாக இறங்கியிருக்கும். 8-ஐச் சுரண்டினால் அந்த வால் வராது.

அப்புறம், படம் எடுப்பதற்கு முன் தயவுசெய்து தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் முடி மாதிரிக் கோடுகள் எல்லாம் தெரியும், அசலாகவே இருந்தாலும் பாதி விலை அங்கேயே போய்விடும்.