வெஸ்ட் பாயின்ட்டில் 27–6

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் நம் கல்லூரியின் உதைபந்தாட்ட அணியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அதற்கு என்னைவிடப் பொருத்தமானவர்கள் லண்டன் கிளையில் இருக்கிறார்கள். நான் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே நின்று, சைக்கிள் பம்பால் பந்துக்குக் காற்றடித்து, வாரை இழுத்துக் கட்டியவன். அந்த வார் முடிச்சில் தலை கொடுத்தவனின் நெற்றி மறுநாளும் சிவந்திருக்கும். ஆகவே வேறோர் அணியைப் பற்றி எழுதுகிறேன். அதை எனக்கு அறிமுகப்படுத்தியதும் நம் மைதானந்தான்.

மாரி மழையில் மைதானம் குளமாகிவிட்டால், கணித மாஸ்டர் எங்களை விறாந்தையில் உட்காரவைத்துக் கதை சொல்வார். அவருக்குப் பிடித்தது, 1912 இல் அமெரிக்க இராணுவக் கல்லூரியைத் தோற்கடித்த செவ்விந்திய மாணவர்களின் கதை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம் அது என்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த மாணவர்களில் பேர்பெற்ற ஜிம் தோர்ப் எங்கள் மனதில் வெறுங்காலுடன் கோல் அடித்துக்கொண்டிருந்தார்.

பிழைப்புக்காகப் பென்சில்வேனியா வந்த பிறகு பார்த்தால், அந்த மாணவர்களின் பள்ளி இருந்த கார்லைல் நகரம் என் வீட்டிலிருந்து சிறிது தூரந்தான். 1879 இல் ரிச்சர்ட் பிராட் என்ற இராணுவ அதிகாரி பழைய படைமுகாமில் தொடங்கிய பள்ளி அது. பழங்குடிப் பிள்ளைகளை ரயிலில் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடுத்து, கரும்பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர்களில் ஒன்றைத் தொட்டுக்காட்டச் சொன்னார்கள். பெயர் மாற்றம் நமக்கும் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் விசுவநாதபிள்ளை ‘கறல்’ ஆனார். சிதம்பரப்பிள்ளை ‘நெவின்ஸ்’ ஆனார். ஆனால் அவர்கள் அப்பன் வைத்த பெயரையும் விடவில்லை. கார்லைல் பிள்ளைகளில் பலர் ஆண்டுக்கணக்கில் வீட்டைக் காணவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே புதைக்கப்பட்டார்கள்.

அந்தப் பள்ளியின் அணிதான் 1912 இல் 14 ஆட்டங்களில் 12 ஐ வென்றது. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 114. அணித்தலைவர் தோர்ப் அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்தார். இடையில் டொராண்டோவுக்கும் போய் 49–1 என்று வென்றார்கள். கனடாக் கிளையினர் பொறுத்தருள்க.

நவம்பர் 9, அந்த இராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயின்ட். வூண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்கப் படை லக்கோட்டா பழங்குடி மக்களைச் சுட்டுக் குவித்து 22 ஆண்டுகூட ஆகவில்லை. எதிரே நின்றவர்கள் அதே படைக்கு அதிகாரிகளாகப் போகிறவர்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஐசனோவரும் அவர்களில் ஒருவர். ஆள் கனத்தில் கார்லைல் ஈடல்ல. அதனால் பயிற்றுநர் வார்னர் இரு ஓரத்து ஓட்டக்காரர்களையும் முன்வரிசைக்கு அருகில் நிறுத்தினார். பந்து யார் கைக்குப் போகிறது என்று எதிரணி கண்டுபிடிப்பதற்குள் ஆள் தாண்டிவிடுவான். முதலில் புள்ளி எடுத்தது இராணுவம். முடிவு கார்லைல் 27, இராணுவம் 6. பேர் எல்லாம் தோர்ப்புக்குப் போய்விட்டது. மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எடுத்த சக ஆட்டக்காரர் அர்காசாவை மாஸ்டர்கூட ஒருநாளும் சொன்னதில்லை!

அடுத்த சனிக்கிழமையே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 தோற்றார்கள். என் மகள் படித்த இடம் அது. எங்கள் வீட்டில் இது தீராத வழக்கு.

எனக்கு அவர்களில் மிகவும் பிடித்தவர் பந்தை நடத்திய கஸ் வெல்ச். பள்ளி நிர்வாகத்தின் சீர்கேட்டை எதிர்த்து மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியவர். 1914 இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணை வந்தது. பள்ளித் தலைவர் பதவி இழந்தார். வார்னரும் பிட்ஸ்பர்க்குக்குப் போய்விட்டார். தோர்ப்பின் பதக்கங்களை 1913 இல் பறித்த ஒலிம்பிக் குழுவினர், அந்த இரண்டு போட்டிகளிலும் அவரே தனி வெற்றியாளர் என்று முழுமையாக ஒப்புக்கொண்டது 2022 இல். அதற்குள் அவர் மறைந்து 69 ஆண்டுகள்.

பள்ளி 1918 இல் மூடப்பட்டது. இன்று அந்த வளாகத்தில் இருப்பது இராணுவப் போர்க் கல்லூரி. உள்ளே போக அடையாள அட்டை வேண்டும். இந்தப் பக்கம் வரும் பழைய மாணவர்கள் முன்கூட்டியே சொன்னால் நானே கூட்டிப்போகிறேன். மதியச் சாப்பாடு என் பொறுப்பு.