பிளேஸ்டேஷன் 2-க்கு மஞ்சள் கம்பி போதாது

எங்கள் வீட்டின் பழைய பிக்சர் டியூப் டிவி பழுதாகி, அதன் இடத்துக்கு 43 அங்குல எல்இடி டிவி வந்த அன்று, பிளேஸ்டேஷன் 2 என்ற வீடியோ கேம் இயந்திரத்தை வழக்கம்போல் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளால் அதனுடன் இணைத்தேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. சிவப்பு உருவங்களின் விளிம்பில் சிறு புள்ளிகள் எறும்பு ஊர்வதுபோல் நகர்ந்துகொண்டே இருந்தன. இயந்திரத்துக்கு வயதாகிவிட்டதோ என்று வருந்தினேன். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்த இயந்திரத்தில் குறை எதுவும் இல்லை, கம்பியில்தான் இருந்தது என்பது பிறகே தெரிந்தது.

மஞ்சள் செருகியில் வருவது காம்போசிட் சிக்னல். படத்தின் ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து செல்கின்றன. பால் (PAL) எனப்படும் தொலைக்காட்சி முறையில் நிறத் தகவல் ஏறத்தாழ 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏற்றப்பட்டு ஒளிர்வோடு சேர்க்கப்படுகிறது. டிவி அதை மறுபடி பிரிக்கும்போது, படத்தின் நுண்ணிய விவரங்களையே நிறம் என்றும், நிறத்தையே விவரம் என்றும் தவறாக எடுத்துக்கொள்கிறது. ஊரும் புள்ளிகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன. சிறிய பிக்சர் டியூப் திரையில் இந்தக் குறை அவ்வளவாகக் கண்ணில் படவில்லை. பெரிய திரை அதை அப்படியே பெரிதாக்கிக் காட்டியது.

இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் கம்பியில் வரும் சிக்னலை எச்டிஎம்ஐயாக மாற்றித் தரும் ஒரு சிறு பெட்டியைக் கடையில் வாங்கினேன். டிவியில் எச்டிஎம்ஐ என்று காட்டியதே தவிர, கலங்கல் அப்படியே இருந்தது. ஒருமுறை கலந்துவிட்ட ஒளிர்வையும் நிறத்தையும் பின்னால் வரும் எந்தப் பெட்டியாலும் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே, எந்தக் கேபிளானாலும் நான் இப்போது முதலில் கேட்பது, இயந்திரத்திலிருந்து வெளியேறும் இடத்தில் நிறம் தனியாக வருகிறதா, கலந்து வருகிறதா என்பதைத்தான்.

எஸ்-வீடியோவில் ஒளிர்வும் நிறமும் தனித்தனிக் கம்பிகளில் வருகின்றன. ஆனால் இன்றைய டிவிகளில் அந்தத் துளை அநேகமாக இல்லை. ஐரோப்பாவில் ஸ்கார்ட் என்ற அகலமான செருகி வழியாக ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எடுப்பார்கள். அது மிக நல்ல படம் தருவது, ஆனால் என் டிவியில் அந்த அகலமான துளைக்கு இடமே இல்லை. எஞ்சியது காம்போனென்ட். பச்சையில் ஒளிர்வும், நீலத்திலும் சிவப்பிலும் நிற வேறுபாடுகளுமாக மூன்று கம்பிகளில் படம் வருவதால், கலப்பதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. இதற்கு மேலும் ஒரு பயன் உண்டு: கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பு போன்ற சில ஆட்டங்கள் தரும் 480பி படம் (480 வரிகளும் ஒவ்வொரு முறையும் முழுமையாக வரும் தெளிவான படம்) மஞ்சள் கம்பியில் வரவே வராது.

வாங்கும்போது விலையையும் தங்கமுலாமையும் பார்த்து மயங்க வேண்டாம். 75 ஓம் கேபிளாக இருப்பதும், ஒவ்வொரு கம்பியிலும் உறை ஒழுங்காகச் சுற்றியிருப்பதும், செருகி துளையில் இறுக்கமாக அமர்வதுமே முக்கியம். இயந்திரத்தின் பக்கம் செருகும் தட்டையான செருகி பிளேஸ்டேஷன் 1, 2, 3 மூன்றுக்கும் ஒரே வடிவம். எனினும் முதல் பிளேஸ்டேஷன் காம்போனென்ட் சிக்னலைத் தராது என்பதால், அதற்காக இந்தக் கேபிளை வாங்குவது வீண். மறுமுனையில் சிவப்புச் செருகிகள் இரண்டு இருக்கும், ஒன்று படத்துக்கு, மற்றொன்று ஒலிக்கு. நான் அவற்றை மாற்றிச் செருகியபோது நிறம் சிதைந்து, ஒலிபெருக்கியில் ஒரே இரைச்சல்.

மஞ்சள் கம்பியைக் கழற்றும் முன்பே ஒரு வேலையை முடித்துவிடுவது நல்லது. வட்டு எதுவும் போடாமல் இயந்திரத்தை இயக்கி, சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் காம்போனென்ட் வீடியோ அவுட் என்ற இடத்தில் ஆர்ஜிபி என்றிருப்பதை மாற்றி, ஒய் என்று தொடங்கும் மற்றொரு தேர்வை வைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் புதிய கேபிளில் நிறங்கள் தாறுமாறாக வரும்; கேபிளே கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றும்.

டிவியின் பின்புறத்தையும் கடைக்குப் போகும் முன் பார்த்துவிடுங்கள். பல டிவிகளில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் ஒரே துளைதான். எது செருகப்பட்டிருக்கிறது என்பதை மெனுவில் சொல்ல வேண்டியிருக்கலாம். சிலவற்றில் ஹெட்போன் துளை போன்ற 3.5 மில்லிமீட்டர் துளை மட்டுமே இருக்கும். அதற்கு அந்த டிவியோடு வந்த இணைப்பியையே பயன்படுத்துங்கள், ஏனெனில் ஒரே தோற்றமுள்ள இணைப்பிகளுக்குள் கம்பி வரிசை வேறுபடுகிறது. காம்போனென்ட் துளையே இல்லாத டிவி என்றால், இயந்திரத்தின் தட்டைத் துளையில் நேரடியாகச் செருகி, காம்போனென்ட் சிக்னலை எடுத்து எச்டிஎம்ஐ ஆக்கும் இணைப்பியைத் தேடுங்கள். மேற்சொன்ன காம்போனென்ட் வீடியோ அவுட் தேர்வை அதற்கும் மாற்றியாக வேண்டும்.

பழைய பிளேஸ்டேஷன் 1 வட்டுகளைப் போட்டால் மட்டும் சில புதிய டிவிகளில் காம்போனென்ட் வழியே படம் வராது, ஏனெனில் அந்த ஆட்டங்கள் அனுப்பும், 240 வரிகள் கொண்ட 240பி படத்தை அவை ஏற்பதில்லை. அந்த வட்டுகளுக்காகவே மஞ்சள் கம்பியை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.