உச்சிமுராவின் தரையிறக்கங்கள்

2016 ரியோ ஒலிம்பிக்ஸ், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் இறுதிச்சுற்று; ஒரே வீரர் ஆறு கருவிகளிலும் ஆடி, மதிப்பெண்களைக் கூட்டிப் பார்க்கும் போட்டி. ஆறு கருவிகளில் ஐந்து முடிந்திருந்தன. உக்ரைனின் ஓலெக் வெர்னியாயெவ் 0.901 புள்ளி முன்னால் நின்றார். மிச்சம் இருந்தது ஹை பார் மட்டும், அதாவது உயரத்தில் கிடையாக நிற்கும் ஒற்றைக் கம்பி. அதில் ஜப்பானின் கோஹே உச்சிமுராவுக்கு 15.800, வெர்னியாயெவுக்கு 14.800. கூட்டிப் பார்த்தால் 92.365க்கு 92.266. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.099.

அந்த 0.099 எவ்வளவு சின்னது என்பது மதிப்பெண் போடும் முறை தெரிந்தால்தான் புரியும். ஒவ்வொரு கருவியிலும் இரண்டு மதிப்பெண்களைக் கூட்டுவார்கள். டி மதிப்பெண், செய்யும் வித்தைகளின் கடினத்துக்கு. அதற்கு உச்சவரம்பு கிடையாது. இ மதிப்பெண், செய்த நேர்த்திக்கு. 10இல் தொடங்கிக் குறைந்துகொண்டே போகும். சின்னப் பிழைக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிய பிழைக்கு 0.5, விழுந்தால் 1.0. தரையிறங்கும்போது லேசாக ஒரு துள்ளல் துள்ளினாலும் 0.1 போய்விடும். காலடி தோள் அகலத்தைத் தாண்டினால் 0.3. ஆக, ரியோவின் தங்கம் ஒரு துள்ளலின் விலையைவிடக் குறைந்த வித்தியாசத்தில் தீர்மானமானது. அன்று ஹை பாரிலிருந்து உடலை நேராக நீட்டியபடி இரட்டைக் கரணமும் இரட்டை முறுக்கும் (உடம்பு பம்பரம்போலத் தன் அச்சில் சுழல்வது முறுக்கு) போட்டு இறங்கிய உச்சிமுரா, பாதத்தை அசைக்காமல் நின்றார். அந்த ஆட்டத்தின் நடுவில் இடுப்பு பிடித்துக்கொண்டது என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது.

2009 முதல் 2016 வரை அவர் ஆல்ரவுண்டில் தோற்கவே இல்லை. 2009, 2010, 2011, 2013, 2014, 2015 என ஆறு உலகப் பட்டங்கள், 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் ஒலிம்பிக் தங்கங்கள். 2011 டோக்கியோவில் இரண்டாம் இடம் வந்த ஜெர்மனியின் ஃபிலிப் பாயைவிட 3.101 புள்ளி அதிகம். ஜிம்னாஸ்டிக்ஸில் அது மலைக்க வைக்கும் இடைவெளி. அவர் கடினமான வித்தைகளைச் செய்தார் என்பது உண்மை. ஆனால் கடினத்தை மற்றவர்களும் சேர்க்க முடியும், சேர்த்தார்கள். ஆறு கருவியிலும் அரைப் புள்ளி, கால் புள்ளி என்று மற்றவர்கள் சிந்திக்கொண்டே போகும் இடத்தில் அவர் சிந்தவில்லை. என் கணக்கில் பட்டங்களுக்கான காரணம் இதுதான்.

சிந்தாமல் இருப்பதன் நுட்பம் காற்றில் இருக்கிறது. முறுக்கைத் தாமதமாக முடிப்பவருக்குக் கால் தரையைத் தொடும்போதும் உடம்பு திரும்பிக்கொண்டே இருக்கும். மிச்சச் சுழற்சி கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இறங்கும். பக்கவாட்டில் ஓர் அடி வைத்தே ஆக வேண்டும். உச்சிமுரா முறுக்கைச் சீக்கிரம் முடித்துவிடுவார். பிறகு தரையைக் கண்ணால் பார்த்து, உடம்பை விரித்துச் சுழற்சியைத் தணித்து இறங்க அவருக்கு நேரம் கிடைக்கும். நாகசாகி மாவட்டம் இசஹாயாவில் பெற்றோர் நடத்திய ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில், டிராம்போலினிலேயே வளர்ந்த பிள்ளை அவர். காற்றில் தான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற உணர்வு அங்கே படிந்தது. கடினத்தைக் கூட்டும் அவசரத்தில் இருக்கும் இளம் வீரர்களும் பயிற்சியாளர்களும் கவனிக்க வேண்டியது அவருடைய கடைசி அரை நொடியைத்தான்.

ஆல்ரவுண்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அது மன்னிக்கும். 2008 பெய்ஜிங்கில் 19 வயது உச்சிமுரா, இரண்டாவது கருவியான பாமல் ஹார்ஸில் (கைப்பிடிகள் வைத்த குதிரை போன்ற கருவி) விழுந்து 20ஆம் இடத்துக்கும் கீழே போனார். மிச்சம் நான்கு கருவிகள் இருந்தன; ஏறி வந்து வெள்ளி வாங்கினார். அப்போது விழுவதற்கு 0.8 தான் கழிப்பார்கள், 2009இலிருந்துதான் 1.0 ஆனது. 2012 லண்டனிலும் தகுதிச்சுற்றில் தடுமாறி ஒன்பதாவதாகத்தான் உள்ளே வந்தார், இறுதியில் 1.659 வித்தியாசத்தில் ஜெயித்தார்.

2017 மாண்ட்ரியல் உலகப் போட்டியில் இந்த ஓட்டம் நின்றது. தகுதிச்சுற்றில் வால்ட்டில் இறங்கும்போது இடது கணுக்காலில் அடி. ஓடி வந்து, மேசையைக் கையால் தள்ளி, அத்தனை உயரத்திலிருந்து முறுக்கோடு இறங்கும் கருவியில் கணுக்கால் தப்புவது கடினம். அடுத்துத் தோள்கள் வலித்தன. தோள் போனால், தொங்கும் இரட்டை வளையங்களான ரிங்ஸில் நிற்க முடியாது. கடைசியில் 2020இல், ஹை பார் மட்டும் ஆடுவதென்று முடிவெடுத்தார்.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. ஒரே கருவியில் போட்டியிட வேண்டுமென்றால் டி மதிப்பெண் உயர வேண்டும். அதற்காக அவர் சேர்த்த வித்தை பிரெட்ஷ்னைடர்: பாரை விட்டுவிட்டு, அதன் மேலாக இரட்டைக் கரணமும் இரண்டு முழு முறுக்கும் போட்டு மறுபடி பாரைப் பிடிப்பது. அன்றைய விதிப்படி அதன் மதிப்பு 0.8. கையை முந்தி விட்டால் உடம்பு நேர் மேலே போகும், பாரைத் தாண்டாது, பாரின் மேலேயே விழ நேரும். பிந்தி விட்டால் உயரம் கிடைக்காமல் தாண்டிப் போய்விடும், கை எட்டாது. பாரின் விட்டமோ 28 மில்லிமீட்டர். இரண்டாவது முறுக்கு முடியும்வரை அது கண்ணில் சரியாகப் படாது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பிரெட்ஷ்னைடரைப் பிடித்தார். பறக்கும் வித்தைகளெல்லாம் முடிந்த பிறகு, பாரைப் பற்றியபடி திரும்பும் ஓர் அசைவில் கை நழுவி விழுந்தார். தகுதிச்சுற்றோடு முடிந்தது. மீட்டுக்கொள்ள அடுத்த கருவி அவருக்கு இல்லை. ஒரே கருவியை நம்பி ஆடும் வீரர்களின் வாழ்க்கை எவ்வளவு கொடியது என்பதை, ஆறு கருவிகளின் அரசரான அவரே அப்படி அனுபவிக்க வேண்டியிருந்ததைப் பார்க்க வருத்தமாகவே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், அவர் பிறந்த ஊரான கிடாக்யூஷூவிலேயே உலகப் போட்டி நடந்தது. ஹை பார் இறுதியில் ஆறாவது இடம். ஆனால் தரையிறக்கம் அசையாமல் நின்றது. 2022 ஜனவரியில் ஓய்வை அறிவித்தார். மார்ச் 12 அன்று டோக்கியோவில் நடந்த விடைபெறும் நிகழ்ச்சியில் ஹை பாரோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஃப்ளோர், பாமல் ஹார்ஸ், ரிங்ஸ், வால்ட், பேரலல் பார்ஸ், ஹை பார் என ஆறையும் ஆடினார்.