பின்சீட்டு மாமி

பழைய மாணவர் மலர்க் குழுவினர் கல்லூரிக் கீதத்தைப் பற்றித்தான் எழுதச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், கீதத்தின் இரண்டாம் பகுதி எனக்கு இப்போது தடுமாறும். ‘சின்ன மாமியே’ என்ற பைலாப் பாட்டு ஒரு சொல்கூடத் தடுமாறாது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

1973. நாங்கள் ஓ.எல். பரீட்சை வகுப்பு. பாணுக்கு விடியப்புறமே வரிசையில் நின்ற காலம். அந்தத் தட்டுப்பாட்டுக்குள்ளும் எப்படியோ காசு சேர்த்து, ஒரு சிரிபி (அரசாங்கப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸை வாடகைக்குப் பிடித்துக் கண்டிக்குச் சுற்றுலா போனோம். வீட்டுக்கு வீடு புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டி வந்தது. பளை தாண்டும்போதே பாதிப் பார்சல் காலி.

அந்த நாளில் அதைப் பாடிய நித்தி கனகரத்தினத்தின் பாட்டு இல்லாமல் எந்தப் பஸ்ஸும் ஆனையிறவைக் கடந்ததாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரர். கையில் ஒரு கிற்றார், வாயில் நாங்கள் வீட்டில் பேசுகிற தமிழ். கோடம்பாக்கத்துப் பாட்டுகளில் நாங்கள் காணாத கள்ளுத் தவறணையும் மாமி வீடும் அவர் பாட்டில் இருந்தன. (‘கள்ளுக்கடை பக்கம் போகாதே’ என்று அவர் புத்தி சொன்ன பாட்டைத் தவறணைகளில்தான் கூடுதலாகப் பாடினார்கள் என்பது வேறு கதை.)

‘சின்ன மாமியே’யை ஒருவர் தனியாகப் பாடினால் பாதிப் பாட்டுத்தான். மருமகன் வந்து மாமியிடம் மகள் எங்கே என்று கேட்பான். பள்ளிக்கூடம் போய்விட்டாள், படிக்கப் போய்விட்டாள் என்று மாமி பதில் சொல்லுவாள். எங்கள் பஸ்ஸின் முன்பாதி முழுக்க மருமகன்மார். பின்பாதிக்கு ஒரேயொரு மாமி. குரல் இன்னும் உடையாதவன் என்பதால் அவனுக்கு அந்தப் பதவி கிடைத்தது. கடைசி சீட்டில் ஏறி நின்று, துவாயை முந்தானையாகத் தோளில் போட்டு, பிஸ்கட் தகரத்தில் நாங்கள் அடித்த தாளத்துக்குக் கழுத்தை வெட்டிப் பதில் சொல்லுவான். உண்மையில் அந்தக் கிழமைதான் அவன் குரலும் உடையத் தொடங்கியிருந்தது. பதிலின் நடுவில் மாமி திடீரென்று ஆம்பிளையாகிக் கீழே விழுந்து, பிறகு தட்டுத்தடுமாறி மேலே ஏறுவாள். பஸ் விழுந்து விழுந்து சிரிக்கும்.

முறிகண்டியில் நிறுத்தினோம். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொண்டு ஏறியபோது தமிழ் வாத்தியார் எழும்பி நின்றார். இனி அடிதான் என்று தகரத்தைச் சீட்டுக்குக் கீழே தள்ளினோம். அவர் கேட்டது வேறு.

“ஏனடா, மாமியை ‘உன் மகள்’ எண்டு கேக்கிற மருமகனுக்கு ஆர் பொம்பிளை குடுக்கப் போயினம்? ‘உங்கடை மகள்’ எண்டு கேட்டுப் பாருங்கோ.”

கேட்டுப் பார்த்தோம். தாளத்தில் உட்காரவில்லை. வவுனியா வரைக்கும் முயன்று பார்த்துவிட்டுப் பழையபடி ‘உன்’னுக்கே திரும்பினோம். வாத்தியார் மதவாச்சி வரை தூங்கினார், அல்லது தூங்கியதுபோல் கிடந்தார்.

கண்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை. இரவு அந்த ஊர்ப் பொடியன்கள் நாலைந்து பேர் கிற்றாரோடு வந்தார்கள். எங்களுக்குச் சிங்களம் ஓடாது, அவர்களுக்குத் தமிழ் ஓடாது. ஆனால் ‘சின்ன மாமியே’ மெட்டு அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மாமி என்றால் யார் என்று கேட்டார்கள். கையாலும் அரைகுறை இங்கிலீசாலும் அப்பாவின் தங்கச்சி என்று விளக்கினோம். “ஆ, நெந்தா!” என்றான் ஒருவன். அவளுடைய மகள் ‘நேனா’ என்றும், அவளைத்தான் கட்டலாம் என்றும் சொல்லிக் கண்ணடித்தான். மாமியும் மச்சாளும் அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டு முறைப்படியேதான் இருக்கிறார்கள் என்பது அன்றிரவுதான் எனக்குத் தெரியும். சமூகக்கல்விப் புத்தகத்தில் அது இல்லை.

85இல் ரொறன்ரோ வந்து, ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் இரவு வேலை. அச்சு இயந்திரம் ஆறு ஆறாக அடிக்கும். அந்த ஆறை மூன்று மூன்றாயும் எண்ணலாம், இரண்டு இரண்டாயும் எண்ணலாம். எதை எண்ணுவது என்று தெரியாமல் உடம்பு இரண்டுக்கும் ஆடும். பைலாவின் சூட்சுமமே அதுதான். ஒரு நாள் என்னையறியாமல் மாமியைக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து இயந்திரத்தில் நின்ற கோவாக்காரர் திரும்பிப் பார்த்து, இது எங்கள் கலியாண வீட்டுத் தாளமல்லவா என்றார். போர்த்துக்கீசர் அவர்கள் ஊரிலும் இருந்தார்கள், எங்கள் ஊரிலும் இருந்தார்கள். 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் விட்டுப்போன கோட்டையைவிட இந்தத் தாளம் நல்ல நிலையில் இருக்கிறது. அன்று இடைவேளையில் அவர் தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தார். காரம் நம் ஊர்க் காரம்.

போன ஒக்ரோபரில் ஸ்காபரோவில் நடந்த எங்கள் இராப்போசனத்துக்கு வருகிறேன். டீஜே பொடியன் அந்தப் பாட்டைப் போட்டான். இப்போது எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட விடுகிறார்கள். கேள்வி முடியமுன்னம் பதில் வந்துவிடுகிறது, மாமிக்கு மூச்சு வாங்க நேரமில்லை. நிறுத்தச் சொன்னோம். நாங்களே பாடுவோம் என்று நரைத்த மருமகன்மார் இருபது பேர் எழும்பிவிட்டார்கள். மேசையைத் தட்டித் தாளமும் எடுத்தாயிற்று. பதில் சொல்ல ஆளில்லை.

மாமி ஊரை விட்டு வரவேயில்லை. எல்லா இடப்பெயர்வையும் பார்த்தான், திரும்பத் திரும்ப அதே வளவுக்குப் போனான். இங்கே இரவு 9 மணி, அங்கே ஞாயிறு காலை 6.30. வாட்ஸ்அப்பில் அடித்தேன். வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நின்றான், தோளில் துவாய். ஒரு சொல்லும் சொல்லாமல் போனை உயர்த்திப் பிடித்தேன். இருபது பேரும் கேட்டோம், சின்ன மகள் எங்கே என்று.

குச்சியை எடுத்துத் துப்பினான். துவாயை இழுத்து முந்தானையாக்கினான். குரலை உயர்த்தப் பார்த்தான், வரவில்லை. பிறகு சாதாரணக் குரலிலேயே சொன்னான்:

“அவள் பிரம்ரனுக்குப் போட்டாளடா. மற்றவள் லண்டன். உங்கடை பக்கம்தானே எல்லாரும்.”

தாளம் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் மேசையில் திரும்பத் தட்டத் தொடங்கினார். கிணற்றடியில் ஒரு சேவல் கூவியது மண்டபம் முழுக்கக் கேட்டது.