மாசிக்காய் மையும் ஆட்டுத்தோலும்: திருப்பாடல் பக்கம் எழுதும் வேலை, இதுவரை

இடைக்கால ஐரோப்பியத் துறவு மடங்களில் எழுதியதுபோல, பைபிளின் ஒரு திருப்பாடலை (சங்கீதத்தை) ஆட்டுத்தோலில் எழுதிப் பார்க்கிறேன். அங்கே புத்தகம் எழுதப் பயன்பட்ட மையை வீட்டிலேயே தயாரித்துவிட்டேன். சரக்கு முழுக்க நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்துவிட்டது: மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), கருவேலம் பிசின். ஓக் மரக் கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடுகிறது. அந்த இடம் புடைத்து உருண்டையாகிறது. அதுதான் மாசிக்காய். துளையில்லாத காயாகப் பொறுக்க வேண்டும். துளை இருந்தால் குளவி வெளியே போயாயிற்று, துவர்ப்புச் சத்தும் குறைந்திருக்கும். அன்னபேதி வெளிர்பச்சையாக இருக்கட்டும். துருநிறம் ஏறியது வேண்டாம்.

காய் 30 கிராம். இரும்பு உரலில் இடித்தால் அங்கேயே கறுக்கத் தொடங்கிவிடும், அதனால் கல்லுரல். 300 மில்லி மழைநீரில் சில நாள் ஊறவைத்து வடிகட்டினேன். அப்புறம் அன்னபேதி 20 கிராம், பிசின் 10 கிராம். அன்னபேதி விழுந்ததுமே தேநீர் நிறத்தில் இருந்த நீர் ஊதா கலந்த கறுப்பாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் தண்ணீருக்குப் பதில் திராட்சை மது ஊற்றியவர்களும் உண்டு. எனக்கு மழைநீரே போதும்.

எழுதும்போது எழுத்து வெளிறித்தான் தெரிகிறது. காற்றுப் பட்டு, மையிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேரச் சேர, மறுநாள் கரிக்கறுப்பு. மை தோலைக் கடித்துப் பிடித்துக்கொள்வதால் தண்ணீர் போட்டுத் துடைத்தாலும் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழைய ஓவியங்களில் எழுத்தரின் இடக்கையில் பெரும்பாலும் ஒரு கத்தி இருப்பது இதற்காகத்தான். தோல் நழுவாமல் அழுத்திப் பிடிக்கவும் அதே கத்திதான்.

மை சுலபம், தோல்தான் பாடாய்ப் படுத்துகிறது. மத்தளத்துக்குத் தோல் கட்டுகிறவரிடம் வெட்டுத்துண்டு ஆட்டுத்தோல் வாங்கினேன். கொழுப்புப் பசை போகாததால் மை முத்து முத்தாக உருண்டு நின்றது. குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணாம்புக்கல் தூளைத் தூவித் துடைத்த பிறகுதான் கோடு பிடித்தது. பேனா, கூஸ் வாத்தின் இடது இறக்கையில் எடுத்த இறகு. வலக்கைக்காரருக்கு அதன் வளைவுதான் ஒத்துவரும். சூடான மணலில் செருகி இறுக்கி, தூவியை உரித்துவிட்டேன். பஞ்சுபோல் அசையும் இறகுப் பேனா எல்லாம் சினிமாவுக்குச் சரி.

எழுத எடுத்தது லத்தீன் முதல் திருப்பாடல், ‘பேயாத்துஸ் வீர்’. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூலின்படி, 150 திருப்பாடல்களையும் வாரத்துக்குள் பாடி முடிக்க வேண்டும். எந்த மடத்திலும் திருப்பாடல் நூல் இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது. தொடக்கத்தில் வரும் ‘பி’ எழுத்தைச் சில பிரதிகளில் பக்கம் நிறைய வரைந்திருப்பார்கள். நான் சின்னதாகவே இடம் விட்டிருக்கிறேன்.

கரோலிங்கியன் சிற்றெழுத்தில் (இடைக்கால ஐரோப்பாவின் ஒரு லத்தீன் எழுத்து வடிவம்) ஆறு வசனமும் முடிந்தது. எழுத்து ஒரே சீராக இல்லை, ஆனால் வாசிக்க முடிகிறது. “மூன்று விரல்கள் எழுதுகின்றன, உடல் முழுவதும் உழைக்கிறது” என்று பழைய எழுத்தர்கள் பிரதியின் கடைசியில் குறித்து வைத்தார்களே, அது மிகையே இல்லை. கழுத்தும் தோளும் இன்னும் வலிக்கின்றன.

மிச்சம் இருப்பது சிவப்புத் தலைப்பு. அவர்கள் பயன்படுத்திய சாதிலிங்கம் பாதரசச் சரக்கு, வீட்டுக்குள் வேண்டாம், செங்காவியே போதும். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் தெளிந்து நிற்கும் நீர்தான் அதற்குப் பசை. முட்டை வாங்கியாயிற்று, காவியைத்தான் இன்னும் நைசாக அரைக்க வேண்டும்.