68 நிமிட வட்டம்

போர்க்கால யாழ்ப்பாணம்: மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் கசெற் கேட்ட வகுப்புகள் நம்முடையவை. சுழற்றும் கை தளர்ந்தால் பாட்டும் இழுபடும். அந்த வகுப்புகளிலிருந்து தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வந்து சேர்ந்தவர்களின் காதில் விழுந்தது ‘ஓல்ற்றர்நேற்றிவ் றொக்’. அந்த வகை றொக்கில் நிர்வானா குழுவை அறியாதவர் இல்லை. அதே ஆண்டுகளில் வந்து, கவனிப்பாரின்றிப் போன ஓர் அல்பத்தைப் பற்றியது இக்கட்டுரை: அமெரிக்காவின் ஃபெயிலியர் குழுவின் ‘ஃபன்ராஸ்ரிக் பிளனற்’. 1996 ஓகஸ்ற்றில் வெளிவந்தது. 17 தடங்கள், ஏறக்குறைய 68 நிமிடங்கள்.

கென் அன்ட்றூஸ், கிறெக் எட்வேர்ட்ஸ் இருவரும் கிற்றாரையும் பேஸையும் தங்களுக்குள் மாற்றி மாற்றி வாசித்தார்கள். ட்றம்ஸ் கெல்லி ஸ்கொற். 1992இல் வந்த முதல் அல்பத்தை ஒலிப்பதிவாளர் ஸ்ரீவ் அல்பினி பதிந்தார். 1994இல் இரண்டாவது. மூன்றாவதான இதற்கு வெளித் தயாரிப்பாளர் எவரும் இல்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடபகுதியான ருஹங்காவில் றொக் பாடகி லீற்றா ஃபோர்டின் வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கேயே ஒலிப்பதிவுக் கருவிகளை அடுக்கி, ஒரு பாட்டை எழுதிப் பதிந்து முடித்த பின்தான் அடுத்ததற்குப் போனார்கள். ஸ்ரூடியோவில் மணிக்கணக்குக் காசு கட்டுபவர்களால் இப்படிச் செய்ய முடியாது. ட்றம்ஸ் எல்லாவற்றையும் முதல் வாரத்தில் பதிந்து, பிறகு கிற்றார், கடைசியில் குரல் என்று போனால் பாட்டுகளெல்லாம் ஒரே அறையின் வாசனையோடு வரும். இங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் தனி ஒலி இருப்பதற்கு அந்த வேலைமுறைதான் காரணம்.

வெளியான நேரம் சரியில்லை. அவர்களை வைத்திருந்த ஸ்லாஷ் இசைத்தட்டு நிறுவனம் கைமாறிக்கொண்டிருந்தது. பதிவு முடிந்த அல்பம் காத்துக் கிடந்தது. ‘ஸ்ரக் ஒன் யூ’ மட்டும் வானொலியில் கொஞ்சம் ஒலித்தது. 1997இல் குழு கலைந்தது. 2003இல் ‘எ பேர்ஃபெக்ற் சேர்க்கிள்’ குழு இதிலுள்ள ‘த நேர்ஸ் ஹூ லவ்ட் மீ’யைத் தந்தி வாத்தியங்களோடு பாடிய பிறகே பலர் மூலத்தைத் தேடி வந்தார்கள். 2014இல் மூவரும் மீண்டும் கூடினர்.

அந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு நிறுத்தினால் அல்பத்தைக் கேட்டதாகாது. இடையிடையே ‘செக்வே’ என்று 1, 2, 3 இலக்கமிட்ட மூன்று சொல்லில்லாத இணைப்புகள் வருகின்றன. ஒரு பாட்டு விட்ட இடத்திலிருந்து இன்னொரு பாட்டின் வாசல்வரை அவை நம்மைக் கூட்டிச் செல்கின்றன. முதற்பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் சுழலொலியே கடைசிப் பாட்டான ‘டேலைற்’ முடியும்போது திரும்பி வருகிறது. பாட்டுகளின் விண்வெளிப் பேச்சுக்கு அடியில் இருப்பது போதையில் மூழ்கியவனின் தனிமை. அவன் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதை அந்த ஒலி வார்த்தையின்றிச் சொல்லிவிடுகிறது. ‘அனதர் ஸ்பேஸ் சோங்’ முதல் ‘டேலைற்’ வரையான கடைசி நான்கு பாட்டுகளுக்கு ஈடாகத் தொண்ணூறுகளின் றொக்கில் மிகச் சிலவற்றைத்தான் சொல்லலாம். 2015இல் வந்த அடுத்த அல்பம் ‘செக்வே 4’ என்று எண்ணிக்கையைத் தொடர்ந்தது. 19 ஆண்டு இடைவெளியை ஓர் இலக்கத்தால் கட்டிப்போட்டார்கள்.

இந்த வட்டத்தைத்தான் நம் கசெற் பிரதிகள் உடைத்தன. 90 நிமிடக் கசெற்றில் ஒரு பக்கம் 45 நிமிடம். 68 நிமிட அல்பம் நடுவில் அறுந்தே தீரும். 60 நிமிடக் கசெற் என்றால் முடிவே இல்லை. வினைலில் நான்கு பக்கம், மூன்று தரம் எழுந்து புரட்ட வேண்டும். ஆகவே முழுதாகக் கேட்கச் சீடியே சரி.

சீடியிலிருந்து கணினிக்கு எடுப்பவர்கள் ஒலியில் எதையும் இழக்காத ‘ஃபிளக்’ (FLAC) வடிவில் எடுங்கள். எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட கட்டங்களாகத்தான் அடைக்கும். ஒவ்வொரு கோப்பின் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும், பாட்டும் இணைப்பும் சேரும் இடத்தில் விக்கல் கேட்கக்கூடும். பிளேயரில் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் ‘குறொஸ்ஃபேட்’டை நிறுத்துங்கள். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் தனித்தனிப் பாட்டுக்கு அல்லாமல் அல்பத்துக்கு என்று மாற்றுங்கள். இல்லையென்றால் மெல்லிய இணைப்பை அது தூக்கிவிடும், அடுத்த பாட்டு இடிபோல் வந்து இறங்கும் இடம் சப்பென்று போய்விடும்.

ஆனாலும் நிலவறைப் பெட்டிகளில் கிடக்கும் கசெற்றுகளை எறியாதீர்கள். பாட்டு முடிந்த மிச்ச நாடாவில் வகுப்புத் தோழரின் குரலோ ஊர் வானொலியோ பதிந்திருக்கக்கூடும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

எடுத்தவுடன் பிளே அழுத்த வேண்டாம். முதலில் கசெற்றின் வாயைப் பாருங்கள். நாடாவை, அதைப் படிக்கும் ஹெட்டோடு அணைக்கும் சிறு கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் கூர்மையான ஒலிகள் மறையும், சத்தம் ஏறி இறங்கும். மலிவான வேறொரு கசெற்றிலிருந்து அதைத் தகட்டோடு எடுத்துப் பொருத்தலாம். ஐந்து திருகாணி உள்ள கூடு எளிதில் திறக்கும். ஒட்டிய கூட்டை விளிம்போடு மெதுவாகப் பிளந்து, இரு சக்கரங்களையும் திருகாணிக் கூடு ஒன்றுக்கு மாற்ற வேண்டும். பிறகு முழுதாக முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓடவிடுங்கள். ஆண்டுக்கணக்காகச் சுருண்டு கிடந்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் மெல்ல ஒட்டிவிடும். பாட்டு தொடங்க இரண்டு மூன்று வினாடிக்கு முன்பே அதன் ஆவி கேட்பது அதனால்தான். இப்படிச் சுற்றிவிட்டால் அது குறையும்.

கசெற் டெக்கில் ஹெட்டையும், நாடாவை இழுத்துச் செல்லும் கப்ஸ்ரன் தண்டையும் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். நாடாவை அந்தத் தண்டோடு அழுத்தும் றப்பர் உருளைக்கு அல்ககோல் வேண்டாம், காய்ந்து வழுக்கத் தொடங்கும். மென்மையான சவர்க்காரத் தண்ணீர் போதும். மோட்டாரின் பெல்ற் தார்போல் உருகியிருந்தால் அதன் பாதையை நூலால் அளந்து, அதைவிட 5 வீதம் சிறியதாக வாங்குங்கள்.

பெரும்பாலானோர் தவறவிடுவது ஹெட்டின் சாய்வு. பதிந்த டெக்கின் ஹெட்டும் உங்கள் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இராவிட்டால் சிம்பல் ஒலி மங்கும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் சுருள்கம்பியோடு இருக்கும் திருகாணியின் பழைய நிலையை நகப்பூச்சால் குறியுங்கள். இரு பக்க ஒலியையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, காந்தமில்லாத திருப்புளியால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேற்படாமல் திருகிப் பாருங்கள். ஒலி பளிச்சென்று வரும் இடமே சரியான இடம். நாடா இரைச்சலைக் குறைக்கும் டோல்பி ஆளியைத் தொடுவது இதன் பிறகுதான். டோல்பியின்றிப் பதிந்த நாடாவை டோல்பியில் ஓட்டினால் கம்பளியால் மூடியதுபோல் ஒலிக்கும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு இணையுங்கள், மைக் துளைக்கு அல்ல. 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸில் பதியுங்கள், ஒலியின் உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல். நாடாவின் இரைச்சலை மென்பொருளால் துடைக்க முயன்றால் ட்றம்ஸின் மினுக்கமும் சேர்ந்து போகும். மூலப் பதிவைத் தொடாமல் ஒரு பிரதி வைத்திருங்கள்.

சீடியிலிருந்து எடுத்ததை ‘றிப்பீற்’றில் போட்டு, ‘டேலைற்’ அடங்கும் வரை பொறுத்திருங்கள். அந்தச் சுழலொலி வரும், உடனே முதற்பாட்டில் மறுபடியும் தொடங்கும்.